இரண்டு ஊரிலும் விருந்தாளி

என்னுடைய வருமான வரிக் கணக்கு ஒரு கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். சிங்பாஸில் நுழைந்தால் நிறுவனம் அனுப்பிய சம்பளத் தொகை ஏற்கெனவே அங்கே இருக்கும். சரியா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நன்யாங்கில் நான்கு வருடம் மின்பொறியியல் படித்தவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

எங்கள் வீட்டில் உண்மையான வரி வேலை அம்மாச்சியுடையது. வயது 76. சம்பாத்தியம் என்று எதுவும் கிடையாது. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாச்சிக்கு மாதம் 25,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தாத்தா வங்கியில் போட்டு வைத்த வைப்புத்தொகைக்கு வருடத்துக்கு 1,80,000 ரூபாய் வட்டி. 2023 ஜூலையில் அம்மா போய் அவரை உட்லண்ட்ஸ் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். "கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நீதான்" என்று கணக்கு என் தலையில் விழுந்தது.

சிங்கப்பூர் பக்கம் சுலபம். தனிநபர் வெளிநாட்டிலிருந்து இங்கே வரவழைக்கும் வருமானத்துக்கு 2004 முதல் வரி கிடையாது. அம்மாச்சி தன் ஓய்வூதியத்தை இங்கே கொண்டுவந்து தேக்காவில் முருங்கைக்கீரை வாங்கினாலும் உள்நாட்டு வருவாய் ஆணையம் ஒன்றும் கேட்காது. கேட்பது இந்தியா. அதுவும் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி அல்ல. நீங்கள் இங்கே வசிப்பவரா, இல்லையா?

தாத்தா இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. அவர் ஐடிஆர்-1 என்ற சின்னப் படிவத்தை நிரப்புவார், முடிந்தது. அந்தப் படிவம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஐடிஆர்-2. அதில் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள், அங்கே உங்கள் வரி அடையாள எண் என்ன என்றெல்லாம் கேட்பார்கள்.

வசிப்பவரா என்பதை முடிவு செய்வது நாள் கணக்கு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வசிப்பவர். 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் வசிப்பவர்தான். அம்மாச்சி புறப்பட்ட வருடம் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அங்கே இருந்ததால் அந்த இரண்டாவது விதி அவரை வசிப்பவராகவே வைத்திருந்தது. அடுத்த வருடத்திலிருந்துதான் சிக்கல். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு 'விசிட்' வந்தால், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டாதவரை, அந்த 60 நாள் 182 ஆகிவிடும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் சொல்லே அதுதான்.

2024 தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் அம்மாச்சி திருச்சிக்கு விமானம் ஏறினார். வீட்டுக்கு வெள்ளையடித்தார், பொங்கல் வைத்தார், தாத்தாவுக்குத் திதி கொடுத்தார். மார்ச் 23 அன்று திரும்பி வந்தார். கடவுச்சீட்டு முத்திரைகளை வைத்து எண்ணினேன். 141 நாள். நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருந்த வீட்டுக்கு அவர் போய்வந்ததற்குச் சட்டத்தில் பெயர் விசிட். இங்கே அவர் பையில் இருப்பது நீண்டகால வருகை அட்டை. அதுவும் விசிட்தான். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து அவரை விருந்தாளி ஆக்கிவிட்டன.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வெளிநாட்டுக்குக் குடிபோனவர் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றியதும் வங்கி வட்டியில் 31.2 விழுக்காட்டை வரியாகப் பிடித்தது. 56,160 ரூபாய். முன்பென்றால் 15ஹெச் படிவம் கொடுத்து அதைத் தடுக்கலாம். இப்போது அந்தப் படிவம் அவருக்குக் கிடையாது.

புதிய வரி முறையில் கணக்குப் போட்டேன். ஓய்வூதியம் 3,00,000. அதில் 25,000 கழிவு. மிச்சம் 2,75,000, வட்டி 1,80,000. ஆக 4,55,000. முதல் 3 லட்சத்துக்கு வரியில்லை, மீதிக்கு 5 விழுக்காடு, மேல்வரியும் சேர்த்து 8,060 ரூபாய். அதாவது 48,100 ரூபாய் திரும்ப வர வேண்டும். வசிப்பவர் என்று போட்டால் அந்த 8,060-ம் கட்ட வேண்டாம். 2024-25 நிதியாண்டில் 7 லட்சம் வரை வரியைத் தள்ளுபடி செய்யும் சலுகை இருந்தது, வசிப்பவருக்கு மட்டும்.

அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் பழைய படிவத்தில் ஓய்வூதியம் 'சம்பளம்' என்ற தலைப்பில் இருந்தது. அம்மாச்சியுடையது 'இதர வருமானம்'. வட்டிக்குப் பக்கத்தில்.

"தாத்தா சாக்பீஸ் தூசி தின்னு சம்பாதிச்சது. அது எப்படிடா இதர ஆகும்?"

சம்பளம் என்றால் முதலாளி–வேலையாள் உறவு வேண்டும், அம்மாச்சி யாரிடமும் வேலை பார்க்கவில்லை, அதனால்தான் என்று விளக்கினேன். "நான் பாத்த வேலை அவங்களுக்கு எங்க தெரியும்" என்றார்.

அம்மாதான் பிடிவாதமாக இருந்தார். "வசிப்பவர்னே போடு. 41 நாள்தானே குறையுது. யாரு எண்ணப் போறா?"

குடிநுழைவில் பதிவு இருக்கிறது, என்ஆர்ஓ கணக்கு இருக்கிறது, எண்ணுவார்கள் என்றேன்.

"எட்டாயிரம் ரூபாய்க்காகச் சொல்லல. நம்ம சிங்கப்பூர்க் காசுக்கு நூத்தி இருபது வெள்ளி. எங்கம்மா அந்த ஊர்ல இல்லன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமான்னு கேக்குறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அழைத்து வந்ததும் அம்மாதான். தனியாக விட முடியாது, மாத்திரை மறந்துவிடுவார் என்று சொல்லி, இரண்டு பெட்டியோடு. அம்மாச்சி இங்கே இருக்க வேண்டும், ஆனால் காகிதத்தில் மட்டும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஓர் ஊர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாள் எவ்வளவோ அதைப் போடு," என்றார் அம்மாச்சி. "வராத பிள்ளைக்கு வந்ததா உங்க தாத்தா ஒருநாளும் ரிஜிஸ்டர்ல குறிச்சதில்ல."

141 என்று போட்டேன். ஓடிபி வருவது அம்மாச்சியின் இந்திய எண்ணுக்கு. அதற்காகவே ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கும் பழைய நோக்கியா சாப்பாட்டு மேசையில் டிங் என்றது. ஆறு எண்களையும் அம்மாச்சியே வாசித்துச் சொன்னார். நல்ல வாத்தியார் வீட்டு உச்சரிப்பு.

பிறகு அவர் கேட்டார்: "182 நாள் இருந்தா வசிக்கிறவளா?"

"ஆமாம்."

"அப்ப அந்த மாதிரி டிக்கெட் போடு."

வரிக்காகவா என்று கேட்டேன். சிரித்தார். 2025-26 நிதியாண்டிலிருந்து வசிப்பவருக்கு 12 லட்சம் வரை வரியில்லை என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவரும் பார்த்திருந்தார். அது ஒரு நல்ல சாக்கு. "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்ததை, சட்டம் அவருக்காக ஓர் எண்ணாக மாற்றிக் கொடுத்திருந்தது. மகளிடம் கெஞ்ச வேண்டாம். கணக்கைக் காட்டினால் போதும்.

எக்செல் தாளில் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31. மொத்தம் சரியாக 182. பயண நாள் குழப்பம் வேண்டாம் என்றால் செப்டம்பர் கடைசி வாரமே கிளம்ப வேண்டும்.

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப இந்த வருசம் தீபாவளிக்கு அம்மா இங்க இருக்க மாட்டாங்களா?" என்றார்.