மூடுபனியும் ஒரு குகையும்

விளையாட்டு என்றவுடன் வென்றோர், தோற்றோர் என்னும் பகுப்பே பலர் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் இக்காலத்துக் கணினி விளையாட்டுகளுள், பகைவரைக் கொல்லுதலின்றி, ஓரிடத்தின் ஒளியையும் ஒலியையும் நுகர்ந்து, மறைந்திருப்பதைத் தேடிச் செல்லுதலையே பொருளாகக் கொண்டவை சில உள. பெருநிறுவனங்களின் துணையின்றி நண்பர் சிலர் கூடி ஆக்குவனவும் அவற்றுட் பல. அத்தகையதொன்றை, சேர்வராயன் மலையிலுள்ள நாகலூரை நிலைக்களனாகக் கொண்டு ஆக்கி வருகின்றோம் நண்பர் மூவேம். அதற்குத் தூண்டுகோலாயின யாவை எனக் கல்லூரி அன்பர் பலர் வினவினர். அதற்கு விடையே இச்சிறு கட்டுரை.

இவ்வகை விளையாட்டின் தொடக்கமே ஒரு குகை என்பது அறியத்தக்கது. அமெரிக்காவிலுள்ள கெண்டக்கியின் மாமத் குகையை அளந்தவருள் ஒருவர் வில் குரோதர் என்னும் கணினி அறிஞர். மணமுறிவிற்குப்பின், தம் புதல்வியர் இருவர் மகிழும் பொருட்டு, 1976-ஆம் ஆண்டளவில் அக்குகையைச் சொற்களாலேயே கணினியில் அமைத்தார். அதிற் படம் ஒன்றும் இல்லை. ஜப்பானியராகிய மியமோட்டோ, இளமையிற் சோனோபே என்னும் ஊரில் விளக்கேந்திக் குகை புக்க நினைவே, 1986-இல் வெளிவந்த ‘செல்டா’விற்கு வித்தாயிற்று. காலால் நடந்தறிந்த இடமே பிறரையும் உடன் நடத்திச் செல்ல வல்லது என்பதை இவற்றாற் கற்றோம்.

நாகலூர் எமக்கு அத்தகைய இடம். முற்காலக் கணினிகள் தொலைவிலுள்ளவற்றை வரைய வலியற்றிருந்தமையின், அக்குறையை மறைக்கப் பனித்திரை இட்டனர். 1999-இல் வந்த ‘சைலண்ட் ஹில்’ அதனையே அச்சமாக்கிப் புகழ் பெற்றது. நாகலூர்ப் பனியோ கண்ணை மூடிச் செவியைத் திறப்பது. சருகின்மேற் சொட்டும் நீர், காப்பிச் செடிகளிடையே பெண்டிர் பேச்சு, எங்கோ காட்டெருமையின் மூச்சு ஆகிய இவையே அங்கு வழிகாட்டிகள். ஆதலின் எம் விளையாட்டிலும் ஒலியைப் பின்பற்றியே வழி காணல் வேண்டும்.

ஏறத்தாழ 5,300 அடி உயரமுள்ள சேர்வராயன் சிகரத்துக் கோயில் ஒரு குகையே. சேர்வராயரும் காவேரியம்மனும் அங்கு வழிபடப் பெறுகின்றனர். அக்குகை காவிரியாறு வரை செல்லும் என்பது மலைமக்கள் நம்பிக்கை. அதனுள் நெடுவழியும், முடிவில் ஒரு பூதமும் வைத்தல் வேண்டும் என எம்முள் ஒருவர் வற்புறுத்தினார். வழக்கு மாதக்கணக்கில் நீண்டது. நட்பே முறியுமோ என அஞ்சினோம். இறுதியில், மலையாளி எனப்படும் அம்மலைப் பழங்குடி முதியவர் ஒருவரை வினவினோம். அவர் சினந்திலர். “உள்ளே என்ன இருக்கிறதென்று நாங்கள் பார்த்ததில்லை, தம்பி. பார்க்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. சாமி இருக்கிற இடம், அவ்வளவுதான்” என்றார்.

அச்சொல் வழக்கை முடித்தது. பிறர் தொழும் இடத்தைப் பூதத்தின் வளையாக்க எமக்கு உரிமை யாது? எம் விளையாட்டை ஆடுவோர் பனியினூடே ஏறிக் குகைவாயிலை அடைவர். உட்செல்ல வழி இராது. செவி சாய்த்து நிற்பின், ஆழத்தே நீரோடும் ஒலி மெல்லக் கேட்கும். பூதம் வேண்டுமென்ற நண்பரே காவிரிக்கரைக்குச் சென்று அவ்வொலியைப் பதிந்து வந்தார்.

கதைப்பொருள் தேடி அயல்நாடு நோக்கும் இளைஞர்காள், முதற்கண் நும் ஊரை நடந்து காண்மின். எதனைக் காட்டுவது என்பதோடு, எதனைக் காட்டாது விடுவது என்பதையும் அவ்வூரே நுமக்கு உரைக்கும்.