கீழேயில் என்று யாரும் சொல்வதில்லை

பட்டர்வொர்த்,
6.7.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். சித்திக்கு முட்டிவலி மட்டும் மழை நாளில் கொஞ்சம் கூடுகிறது. அங்கே இங்கிலாந்தில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. வார்டு சிஸ்டர் உன்னிடம் "ஹீஸ் டவுன் இன் எக்ஸ்ரே" என்றார். உன் காதில் "ஹீஸ் டவுன்" மட்டும் விழுந்தது. ஆறாம் கட்டில் பெரியவர் கீழே விழுந்துவிட்டார் என்று பதறி ஓடினாய். கட்டில் காலி. அவரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழ்மாடிக்குப் படம் எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார் என்றும், அன்று இரவு நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய் என்றும் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நோயாளி விழுந்துவிட்டார் என்று தோன்றிய நொடியில் ஓடுகிறவள்தான் தாதி. அதற்காக நீ தலை குனிய வேண்டியதே இல்லை.

"எக்ஸ்ரேயில் இருக்கிறார் என்றால் போதாதா சித்தப்பா, நடுவில் டவுன் எதற்கு?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் கடிதம்.

இன்று காலை பசியாறிவிட்டு ஜெட்டிப் பக்கம் நடந்தேன். கடல் தட்டையாகக் கிடந்தது. எதிரே பினாங் தீவு, அதற்குப் பின்னால் மலை, மலையின் தலையில் மேகம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெர்ரியின் மேல்தட்டில் என் தோளில் உட்கார்ந்து பார்த்த அதே காட்சி. அந்தப் பழைய பெர்ரிகள் நின்றுவிட்டன. இப்போது புதியவை ஓடுகின்றன. அங்கே நின்றபடி, இந்தக் காட்சியை ஒரு வெள்ளைக்காரர் எப்படிச் சொல்வார் என்று யோசித்தேன். ஜார்ஜ்டவுனில் இருக்கும் நண்பரை "ஓவர் இன் பினாங்" என்பார். மலை உச்சியில் இருப்பவரை "அப் ஆன் த ஹில்" என்பார். அவர் வீடு சடக்கின் மேட்டில் இருந்து நான் ஜெட்டியில் நின்றால், என்னை "டவுன் அட் த ஜெட்டி" என்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு சின்னச் சொற்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

பின்னால் வரும் இன், ஆன், அட் மூன்றும் இடத்தைச் சேர்ந்தவை. ஊர் என்றால் இன், மலை என்றால் ஆன், ஜெட்டி என்றால் அட். யார் பேசினாலும் அது மாறாது. முன்னால் நிற்கும் ஓவர், அப், டவுன் மூன்றும் பேசுகிறவரைச் சேர்ந்தவை. அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை அவை சொல்லிவிடும். நான் இங்கிருந்து "ஓவர் இன் பினாங்" என்கிறேன். அக்கரையில் கடை வைத்திருப்பவர் நம்மை "ஓவர் இன் பட்டர்வொர்த்" என்கிறார். அக்கரை என்ற நம் சொல்லும் இப்படித்தான். எந்தக் கரையில் நின்று சொன்னாலும் எதிர்க்கரைதான் அக்கரை. தீவு மலாய்க்காரர்கள் நம் பக்கத்தைச் 'செபராங்' என்பார்கள். எதிர்ப்பக்கம் என்று பொருள். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த நாமும் நம் ஊரைச் செபராங் பிறை என்றுதான் எழுதுகிறோம். எங்கோ எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர்களின் பார்வை நம் விலாசத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது உன் வார்டுக்கு வருகிறேன். சிஸ்டர் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லிப் பார்: "அவர் கீழே எக்ஸ்ரேயில் இருக்கிறார்." ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அம்மா எங்கே என்றால் "மேலே மாடியில்" என்போம். தாத்தா "வெளியே வாசலில்", சித்தி "உள்ளே குசினியில்". முதலில் நாம் நிற்கும் இடத்திலிருந்து திசை, அடுத்து 'இல்' போட்டு இடம். பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீ இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய், பாப்பா. புதிதாகக் கற்க வேண்டியது பாதிகூட இல்லை.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? தமிழ்ப்பள்ளியில் 30 வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வருடம் தவறாமல் "மை ஃபாதர் இஸ் அட் அப்ஸ்டேர்ஸ்" என்று யாராவது எழுதுவார்கள். நானும் வருடம் தவறாமல் சிவப்பு மையால் 'அட்'டை அடிப்பேன். அது எங்கிருந்து வருகிறது என்று வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. மலாயில் 'டி ஆதாஸ்', 'டி பாவா' என்கிறோம். மேலே, கீழே என்பவற்றுக்கு முன்னாலும் அங்கே 'டி' வேண்டும். பிள்ளைகள் அந்த 'டி'யைத்தான் 'அட்' ஆக்குகிறார்கள். அது தெரிந்த பிறகு சிவப்பு மையைக் குறைத்தேன். "கீழேயில் என்று யாராவது சொல்வார்களா?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். கீழே என்ற சொல்லுக்குள்ளேயே இடம் இருக்கிறது, அதற்கு மேல் 'இல்' எதற்கு? டவுனும் அப்ஸ்டேர்ஸும் அப்படித்தான் என்பேன். அன்றைக்கே திருத்திக்கொள்வார்கள். முதல் நாளிலிருந்தே தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

பேசுகிறவர் நிற்கும் இடத்தைச் சொல்லில் வைப்பது நமக்குப் பழைய பழக்கம். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்களை நான் ஹார்ன்பியின் புத்தகத்தில் படித்தேன். 'அட்வெர்பியல் பார்ட்டிக்கல்' என்பார் அவர். ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அகராதி முதலில் 1942இல் அங்கேதான் வந்தது. வேற்றுமொழிக்காரர்களின் தடுமாற்றத்தைக் கிட்டே இருந்து பார்த்தவர் எழுதியது என்பதால்தான் அது நமக்கு இன்றும் கைகொடுக்கிறது.

இனி காதுக்கான பயிற்சி. உன்னை ஏமாற்றியது இலக்கணம் இல்லை, ஓசை. "டவுன் இன் எக்ஸ்ரே" என்று அவர்கள் சொல்லும்போது டவுன் அழுத்தமாக விழும். 'இன்' கரைந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். உனக்கு டவுன் மட்டும் கேட்டதில் வியப்பில்லை. இனிமேல் அப்படி ஒன்று காதில் விழுந்தால் அங்கேயே முடிவு கட்டாதே. அடுத்து ஓர் இடப்பெயர் வருகிறதா என்று அரை மூச்சு பொறு. வந்தால், நோயாளி அந்த இடத்தில் இருக்கிறார். வராமல் "ஹீஸ் டவுன்!" என்று குரல் உயர்ந்து அறுந்தால், ஓடு.

முன்சொல் திசையைத்தான் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதை எடுத்துவிட்டுப் பார். "ஹீஸ் இன் எக்ஸ்ரே" என்றாலும் பொருள் நிற்கிறது. "புட் அப் வித்" என்பதில் 'அப்'பை எடுத்தால் பொருளே போய்விடும். பொறுத்துக்கொள்வது என்பது மூன்றும் சேர்ந்து தரும் பொருள். அந்த வகையை ஒவ்வொன்றாக மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

எல்லாமே தமிழோடு ஒத்துப்போகும் என்றும் நினைத்துவிடாதே. 'பேக்' என்பதற்கு நம்மிடம் இப்படி நேராகப் பொருந்தும் ஒற்றைச் சொல் இல்லை. "ஷீஸ் பேக் ஆன் த வார்டு" என்றால் வார்டிலிருந்து போனவள் மறுபடி வார்டுக்கே வந்துவிட்டாள் என்று அர்த்தம். நாம் அதற்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரிலும் இடக்கு உண்டு. இங்கிலாந்தில் ரயில்காரர்களுக்கு லண்டனை நோக்கிப் போகும் பாதை பெரும்பாலும் 'அப்'. உன் ஊர்போல வடக்கே இருப்பவர்களோ வரைபடத்தைப் பார்த்து "டவுன் இன் லண்டன்" என்பார்கள். இதற்கு விதி தேடாதே. கூட வேலை செய்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்.

உன் மருத்துவமனையில் அறுவைக்கூடம் எந்த மாடி? வார்டுக்குக் கீழே என்றால் நீங்கள் "டவுன் இன் தியேட்டர்" என்பீர்கள். அங்கே இருப்பவர்கள் உங்களை "அப் ஆன் த வார்டு" என்பார்கள். நாளைக்கே காது கொடுத்துக் கேட்டுப் பார்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். வார்டில் காதில் விழும் இந்த மாதிரி வாக்கியம் ஒவ்வொன்றையும், சொன்னவர் அப்போது எந்த மாடியில் நின்றார் என்பதையும் சேர்த்து எழுது. 20 சேர்ந்ததும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. நான் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். ஆறாம் கட்டில் பெரியவர் எப்படி இருக்கிறார் என்றும் எழுது. சித்தி இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
உன் சித்தப்பா