கடன் கொப்பி

உம்மாவின் வாப்பாவுக்குப் பசறையில் சில்லறைக் கடை இருந்தது. தோட்டத்துச் சனம் மாவும் கருவாடும் கடனுக்கு வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்பார்களாம். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், பாக்கிக்காகத் தங்கள் பசுவைக் கடை வாசலில் கட்டிவிட்டுப் போனது. அதன் பாலைக் குடித்துத்தான் உம்மா வளர்ந்தா.

கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கோடிட்டு வெட்டியிருக்கிறார். "கணக்கு முடிந்துவிட்டது" என்பா உம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1948இல் பிரஜாவுரிமையை இழந்தவர்கள் தங்கள் கடனைத் தீர்த்துவிட்டே போனார்கள். இங்கே தங்கியவர்களுக்கு 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது.

"அரசியலை விட்டுச் சோதனைக்குப் படி!" உம்மா ஏசிக்கொண்டே ரொட்டியும் கட்டச்சம்பலும் வைப்பா. படிக்கிறேன். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு, வாக்கும் உண்டு.