ஆறு வயதுப் பல்

"பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்!" வீங்கிய கன்னத்தோடு ஓத வரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் பலர் தரும் விடை இது. பாற்பற்களுள் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை நிலைத்திருக்க வேண்டியவை.

அதனினும் கேடான அறியாமை ஒன்றுண்டு. ஏறத்தாழ 6 வயதில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னே, எப்பல்லும் விழாமலேயே நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. மேலும் கீழும், இருபுறமும், ஆக நான்கு. அவற்றையும் பாற்பல் என்றே எண்ணி விட்டுவிடுகின்றனர். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, 11 வயதினள், அத்தகைய பல்லொன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவ்விடத்தில் இனி வேறு பல் முளைக்காது.

மிஸ்வாக்கின் சிறப்பை வாயாரப் பேசும் நாம், பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறோமா? அப்பல் முளைத்தவுடன் காட்டினால், அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களைப் பிசின் போன்ற பொருளால் அடைத்துச் சொத்தை வராது காக்கப் பல் மருத்துவரால் இயலும். ஊசியுமில்லை, வலியுமில்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் சிறாருக்கெனத் தனிப்பிரிவே உண்டு.