ட்ராமிலிருந்து இறங்குவது எப்படி?

கண்டியில் மூன்று நாட்களாக மழை. பேராதனை வீதியில், கெட்டம்பேயை அண்மிய இடத்தில், முக்கால் மணி நேரமாக நகராத பஸ்ஸில் அமர்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த இளைஞர், "இங்கேயும் இலகு ரயில் ஒன்று வந்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும், ஐயா" என்றார். தீரலாம். எனக்கோ பல ஆண்டுகளுக்கு முன் கட்டுகஸ்தோட்டையில் சந்தித்த முதியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

கொழும்பில் 1899 முதல் 1960 வரை மின்சார ட்ராம் ஓடியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றன. அவர் ட்ராம் பணிமனையில் வேலை பார்த்தவர். ஞாயிறு இதழுக்காகப் பழைய கொழும்பின் சுவையான கதைகளைத் தேடிப் போயிருந்தேன். அவர் பேசியதோ மணலைப் பற்றி.

"தம்பி, ட்ராம் நடுவழியில் செத்து நின்றால் ஒரு காலை நிலத்திலும் மறுகாலைப் படியிலும் வைத்து இறங்கக்கூடாது. கைபிடியை விட்டுவிட்டு இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கவேண்டும்."

காரணம் இதுதான். மேற்கம்பியிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டு, சக்கரங்கள் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிச் செல்கிறது. சக்கரம் வழுக்கும் இடத்தில் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். அது அளவு மிஞ்சினால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மின்தடையாகிவிடும். அப்போது திரும்ப வழியற்ற மின்னழுத்தம் வண்டியின் இரும்புடலில் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படியையும் ஈரநிலத்தையும் ஒருசேரத் தொடுபவரே அதற்கு வழியாகிவிடுவார்.

ஏற்றமும் மழையும் உதிர்ந்த இலைகளும் நிறைந்த கண்டிக்கு இது பழங்கதையன்று.

தண்ணீரும் மின்சாரமும் ட்ராமைப் படுத்தியது கொழும்பில் மட்டுமல்ல. சென்னையில் 1895இல் மின்சார ட்ராம் தொடங்கியபோது, வீதிக்கடியில் கால்வாய் அமைத்து அதன் வழியே மின்சாரம் கொடுத்தார்கள். பருவமழை அதை விட்டுவைக்கவில்லை. பின்னர் மேற்கம்பிக்கு மாறினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 2003இல், பிரான்சின் போர்தோ நகரம் அழகு கெடாதிருக்க மீண்டும் நிலமட்டத்தில் மின்சாரம் கொடுத்தது. வண்டி மேலே நிற்கும் துண்டுக்கு மட்டுமே மின்சாரம் பாயும் நுட்பம் அது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் மழைநீர் தேங்கிய இடங்கள் அதைப் பாடாய்ப் படுத்தின.

கொழும்பு இலகு ரயில் திட்டத்துக்கு 2019இல் ஜப்பானியக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அக்காலத்தில் பாதை, செலவு, அரசியல் என எவ்வளவோ எழுதினோம். நானும் எழுதினேன். வண்டிகளின் மின்காப்பை நாள்தோறும் சோதிக்கப்போவது யார், அதற்கான ஆட்களும் உதிரிப்பாகங்களும் இருபதாவது ஆண்டில் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி எழுதியதாக நினைவில்லை. திறப்புவிழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வரும். பணிமனையின் விடியற்காலைச் சோதனைக்கு யார் அழைக்கிறார்கள்?

அந்த முதியவர் அதையும் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் விடியுமுன் ஒவ்வொரு வண்டியிலும் கையால் சுழற்றும் கருவியைப் பொருத்தி மின்கசிவு பார்ப்பார்களாம். முள் இறங்கிய வண்டி, பயணிகள் எவ்வளவு கூச்சலிட்டாலும், அன்று வெளியே போகாதாம். சொல்லும்போது அவர் கை தானாகவே காற்றில் சுழன்றது.

கட்டுரையில் அந்தப் பத்தியைச் சேர்த்திருந்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை. எதை வெட்டலாம் என்று உதவி ஆசிரியர் கேட்டபோது, அதைச் சுட்டிக்காட்டியவன் நான்தான்.