ஃபிரிட்ஜ் ஏன் வேர்க்கிறது?

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு, மூன்றாவது மாடி. ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தது. விடிந்ததும் வானம் வெளுத்துவிட்டது, காற்றிலிருந்த ஈரம் மட்டும் போகவில்லை. சமையலறை மூலையில் டபுள் டோர் ஃபிரிட்ஜ். மேலே ஃப்ரீஸர் கதவு, கீழே பெரிய கதவு, நடுவே ஒரு விரல் நுழையும் சந்து. அந்தச் சந்துக்குள் தெரியும் குறுக்குப் பட்டை முழுக்க முத்து முத்தாக நீர். அது கீழ்க்கதவின் மேல்விளிம்பில் தேங்கி, வழிந்து இறங்கி, தரையில் போட்டிருந்த பழைய துண்டை நனைத்திருந்தது.

“உள்ளேயிருந்து ஒழுகுது தம்பி. முன்னாடி வந்தவர் கேஸ் குறைஞ்சிருச்சு, ஃபில்லிங் பண்ணணும்னு சொன்னார்” என்றார் வீட்டுக்கார அம்மா.

நான் கூடப் போயிருந்த மெக்கானிக் அடையாறு முதல் கொட்டிவாக்கம் வரை வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பவர். மழைக்காலம் வந்தால் அவருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இதுதான்: ஃபிரிட்ஜ் வேர்க்கிறது. அதற்கு என்ன செய்கிறார் என்று நேரில் பார்க்கத்தான் போனேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். பட்டையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புறங்கையை வைத்தார்.

“தொட்டுப் பாருங்க சார்.”

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்பெட்டியின் முகப்பில் சூடு இருந்தால் கோளாறு என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கம்ப்ரஸரிலிருந்து சூடாக வெளியேறும் கேஸ், தன் சூட்டை இறக்கிவைக்கப் போகும் வழியில், கதவு பொருந்தும் சட்டத்தின் தகட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குழாயில் சுற்றிவருகிறது. மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் பைப் என்கிறார்கள். அந்தப் பட்டை வேர்க்கக்கூடாது என்பதற்காகவே வைத்த ஏற்பாடு அது.

அது ஏன் வேண்டும் என்பதை அந்தச் சமையலறைக் காற்றே சொன்னது. நான் கொண்டுபோயிருந்த சிறு கருவியில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். இந்த நிலையில் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். மோர் டம்ளரின் வெளிப்புறம் நனைவது இப்படித்தான். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், பரப்பு 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் நனையும். கடலோர வீட்டுக்கும் உள்நாட்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. பட்டைக்குப் பின்னால் ஒரு பக்கம் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸர், இன்னொரு பக்கம் 4 டிகிரி அறை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அந்தத் தகட்டை 26 டிகிரிக்கு மேலே வைத்திருக்க அந்தக் குழாயின் சூடு ஒன்றுதான் துணை.

“கேஸ் குறைஞ்சிருந்தா இந்த எடம் இப்படிச் சுடாதும்மா. ஐஸும் கல்லு மாதிரி நிக்காது” என்று ஃப்ரீஸரைத் திறந்து ஐஸ் தட்டைத் தட்டிக் காட்டினார். ஆயிரக்கணக்கில் செலவு வைத்திருக்கக்கூடிய ஒரு சந்தேகம் புறங்கை வைத்துப் பார்த்ததிலேயே தீர்ந்தது. பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

குழாய் சுடுகிறது, பிறகு ஏன் நீர்? சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். நோட்டின் பாதியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மெல்ல இழுத்தார். மேல்பக்கம் பிடித்தது. கைப்பிடிப் பக்கம் பிடித்தது. ஃப்ரீஸர் கதவின் கீழ்விளிம்பில், கீல் இருக்கும் மூலையில், நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே கேஸ்கட் ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அந்த மூலை வழியாகக் குளிர்காற்று இரவு பகலாக வெளியே கசிகிறது. குழாய் கொடுக்கும் சூடு அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மடிப்பை விரித்தால் உள்ளே கருப்பாகப் பூஞ்சை.

கேஸ்கட்டுக்குள் ஓடும் காந்தப் பட்டையின் பிடி லேசானது. அதில் ஒரு பழைய துயரம் இருக்கிறது. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் கதவுக்கு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் தாழ்ப்பாள். அமெரிக்காவில், தூக்கிப்போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று 1956ல் அங்கே சட்டம் வந்தது. தாழ்ப்பாள் போய்க் காந்தம் நிலைத்தது. ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்க வேண்டிய கதவு என்பதால், கொஞ்சம் மாவு ஒட்டினாலும், கதவு ஒரு நூல் இறங்கினாலும் அந்தப் பிடி விட்டுப்போகும். இந்த வீட்டில் இரண்டுமே நடந்திருந்தது. ஃப்ரீஸர் கதவின் தட்டில் கனமான பொட்டலங்கள், கீல் திருகு தளர்ந்து கதவு சாய்ந்திருந்தது.

வேலை முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் கேஸ்கட் மடிப்புகளைத் தேய்த்துத் துடைத்தார். நசுங்கிய மூலையில் ஹேர் டிரையரின் சூட்டைத் தள்ளிப் பிடித்துக் காட்டி, ரப்பர் இளகியதும் விரலால் உப்பலாக இழுத்துவிட்டார். கீல் திருகுகளை முடுக்கினார். முன்கால்களை அரைச் சுற்று உயர்த்தினார். பெட்டி பின்பக்கம் இம்மியளவு சாய்ந்தால் கதவு தானாக வந்து ஒட்டும். மறுபடி நோட்டை வைத்தார், பிடித்தது. பொட்டலங்களை உள்தட்டுக்கு மாற்றச் சொன்னார். கடைசிக் குளிரில் வைத்திருந்த குமிழை நடுவுக்குத் திருப்பினார்.

“இட்லிப் பானை ஆவி நேரா இதுமேலதான் வருது பாருங்க. வேக வைக்கும்போது அந்த ஃபேனைப் போட்டு விடுங்கம்மா” என்றார். கதவு இறுக்கமானாலும் காற்றின் ஈரம் குறையாவிட்டால் அடைமழை நாளில் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்த வீட்டில் இருந்தது இரட்டைக் கதவு அலமாரிபோல் இரண்டு பக்கமும் திறக்கும் பெரிய ஃபிரிட்ஜ். அதில் இடது கதவோடு சேர்ந்து மடங்கும் செங்குத்துப் பட்டைக்குள் மின்சார ஹீட்டர். சில வகைகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பட்டனை அழுத்தினால் அந்த ஹீட்டர் நின்றுவிடும். அங்கே அந்தப் பட்டன்தான் போட்டிருந்தது. அணைத்தார், சற்று நேரத்தில் பட்டை இளஞ்சூடானது. சூடாகாமல் போயிருந்தால், கீல் வழியே போகும் வயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்திருப்பாராம்.

மூன்றாவது வீடுதான் மனதை உறுத்தியது. பழைய டபுள் டோர், தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கேஸ்கட் புதிது. நோட்டு எல்லாப் பக்கமும் பிடித்தது. ஐஸ் கல்லாக நின்றது. ஆனால் கம்ப்ரஸர் ஓடும்போதும் பட்டை சில்லென்றிருந்தது. மெக்கானிக் பெட்டியை நகர்த்திப் பின்னால் டார்ச் அடித்தார். கம்ப்ரஸர் அருகே இரண்டு குழாய் முனைகள் நசுக்கி அடைக்கப்பட்டிருந்தன. எப்போதோ சட்டத்துக்குள் ஓடும் குழாய் ஓட்டையாகியிருக்கிறது. பெட்டியைப் பிளக்காமல் அதை எடுக்க முடியாது என்பதால், அப்போது வந்தவர் அந்தச் சுற்றையே விட்டுவிட்டுக் குழாயை நேராக இணைத்திருக்கிறார். பைபாஸ். குளிர்ச்சி குறையாது, பட்டை மட்டும் ஆயுள் முழுக்க வேர்க்கும்.

பைபாஸ் செய்தது தப்பில்லை, வேறு வழி இருந்திருக்காது. சொல்லாமல் போனதுதான் தப்பு. விவரம் தெரியாத அந்த அம்மா, வேர்க்கும்போதெல்லாம் ஆள் கூப்பிட்டுக் கேஸ் நிரப்பவும் கேஸ்கட் மாற்றவும் ஓய்வூதியத்திலிருந்து செலவழித்திருக்கிறார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் துடைச்சிட்டுப் போயிருப்பேனே” என்றார்.

மெக்கானிக் அவரிடம் பணம் வாங்கவில்லை. குமிழை நடுவில் வைத்து, காலையும் இரவும் பட்டையைத் துடைத்தால் போதும், தகடு துருப்பிடிக்காது என்றார். உறைபனியைக் கத்தியால் சுரண்டக்கூடாது, குழாய் ஓட்டையாகும் என்று எச்சரித்தார். இப்போது வரும் பல பெட்டிகளில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றும் வகை என்பதால் எந்தப் பெட்டியானாலும் அந்தப் பழக்கமே வேண்டாம் என்றார். பிறகு பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, ஃபிரிட்ஜின் பின்தகட்டில் பெரிய எழுத்தில் எழுதினார்: “ஹீட்டர் பைப் பைபாஸ். கேஸ் ஃபில்லிங் தேவையில்லை.” அடுத்து யார் வந்தாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.