தங்கையின் பயிற்சி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யும் தறிகள் பல. என் அன்னையும் அத்துணியையே நெய்துவந்தார். 2018ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய என் தங்கை, “அதைக் கட்டும் தொழிலை நான் கற்பேன், அண்ணா” என்றாள்.

ஆறே திங்களில் செவிலியர் ஆக்குவதாக ஒரு பயிற்சிக்கூடம் விளம்பரம் செய்திருந்தது. கட்டணமும் குறைவு. பணம் கட்டப் புறப்பட்ட என்னை அண்டைவீட்டு அக்காள் தடுத்தார். அத்தகைய ஓரிடத்தில் பயின்ற அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு கிடைக்கவில்லை. பதிவு இல்லாதவரை அரசு செவிலியராக அமர்த்துவதில்லை. பாவம், அவர் துணிக்கடையில் கணக்கு எழுதிவந்தார்.

திருவில்லிபுத்தூரில் பணியாற்றிய மூத்த செவிலியர் ஒருவரிடம் தங்கையை அழைத்துச் சென்றேன். “துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு, செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. எதுவாயினும், குழுமம் ஏற்ற பள்ளியா என்று முதலில் பாரம்மா. நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையில் பழக்குவார்களா என்றும் கேள். பொம்மைக்கு மட்டும் ஊசி போட்டவள், அழும் குழந்தையைக் கண்டால் நடுங்குவாள்” என்றார்.

துணைச் செவிலியர் கிராமச் சுகாதாரச் செவிலியராகலாம் என்று அறிந்ததும் தங்கையின் முகம் மலர்ந்தது. கட்டணத்தை எண்ணி நான் தயங்கினேன். அன்னையோ, “இரண்டு ஆண்டுதானே? தறி ஓடட்டும்” என்றார்.